முன்னிற்பாரும் பின்னிற்பாரும்: அமெரிக்க உதைபந்தாட்டத்தில் இடைக்காவலர் நிலை

விளையாட்டைக் காணச் செல்வோரின் கண்கள் பந்தையே பின்பற்றிச் செல்லும் இயல்பின. பந்தேந்தி ஓடுபவனைப் புகழ்வதும் அவனை வீழ்த்தியவனைப் புகழ்வதும் உலக வழக்கு. அங்ஙனம் வீழ்த்துதற்கு வழி செய்து கொடுத்தவன் எவன், அவன் எங்கே நின்றான், என்ன செய்தான் என்று வினவுவோர் மிகச் சிலரே. இவ்வினாவின் அருமையை உணர்த்துதற்கு அமெரிக்க உதைபந்தாட்டத்திலே லைன்பாக்கர் என்னும் வீரர் வகிக்கும் நிலை மிகப் பொருத்தமானதோர் எடுத்துக்காட்டாகும்.

நம்மவர் பலர் இன்று வட அமெரிக்காவிலே வாழ்கின்றனர். அவர்தம் பிள்ளைகள் அங்குள்ள பாடசாலைகளில் இவ்வாட்டத்தைக் கண்டும் ஆடியும் வளர்கின்றனர். விடுமுறைக்கு ஊர் வரும் பேரன் ஆர்வத்தோடு சொல்லும் ஆட்டக் கதை பாட்டனாருக்கு விளங்காமற் போவதுண்டு. அக்குறையைச் சிறிதளவேனும் போக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாம்.

ஆட்டத்தின் அமைப்பு

அமெரிக்க உதைபந்தாட்டம் றக்பி ஆட்டத்தினின்று கிளைத்தது. பந்தைக் காலால் உதைப்பது இதன்கண் இடையிடையே நிகழ்வது. கையிற் பற்றி ஓடுவதும் முன்னோக்கி எறிவதுமே பெரும்பகுதி. பக்கத்திற்குப் பதினொருவர் ஆடுவர். களத்தின் நீளம் 100 யார். இரு முனைகளிலும் 10 யார் ஆழமான இலக்குப் பகுதிகள் உள. பந்தையுடைய பக்கத்தாருக்கு நான்கு முயற்சிகள் அளிக்கப்படும். அந்நான்கினுள் 10 யார் முன்னேறினால் மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். முன்னேறாவிடிற் பந்து மாற்றாரைச் சேரும். ஒவ்வொரு முயற்சியும் சில விநாடிகளில் முடிவுறும். முடிந்ததும் இரு பக்கத்தாரும் மீண்டும் அணிவகுத்து எதிரெதிரே நிற்பர். ஆதலின், நாம் ஆடிப் பழகிய உதைபந்தாட்டம் போல இஃது இடையறாது ஓடும் ஆட்டமன்று. அணிவகுப்பும் மோதலும் மாறி மாறி வருவது.

பழந்தமிழ்ப் போரிலக்கணம் முன்செல்லும் படையைத் தார் என்றும் தூசி என்றும், பின்னிற்கும் படையைக் கூழை என்றும் வழங்கும். காக்கும் பக்கத்துப் பதினொருவரையும் அம்முறை பற்றியே நாம் விளங்கிக்கொள்ளலாம். எதிரியின் முகத்துக்கு நேரே கையை நிலத்திலூன்றிக் குனிந்து நிற்போர் முன்வரிசையார்; இவரே தூசிப்படை. நெடுந்தூரம் பின்னே நின்று, எறியப்படும் பந்தைத் தடுப்போர் பின்காவலர், இவர் கூழைப்படை. இவ்விரு சாராருக்கும் இடையே, முன்வரிசைக்கு நான்கைந்து யார் பின்னாக, நிமிர்ந்து நிற்போரே லைன்பாக்கர் எனப்படுவோர். அவரை இக்கட்டுரையில் இடைக்காவலர் என்று வழங்குவோம்.

முன்வரிசையார் மோதுதற்கென்றே நிற்பவர். பின்காவலர் ஓடுதற்கென்றே நிற்பவர். இடைக்காவலரோ இரண்டிற்கும் உரியவர். மாற்றான் பந்தேந்தி ஓடிவரின் முன்சென்று மோதல் வேண்டும். பந்தை எறியின் பின்சென்று காத்தல் வேண்டும். எதைச் செய்வது என்பதை ஒரு விநாடிக்குள்ளே துணிதலும் வேண்டும். இத்துணிவுக்கு வேண்டிய அவகாசத்தை அவருக்கு அளிப்போர் எவர் என்பதே நம் ஆராய்ச்சி.

ஏழு வாயில்கள்

தாக்கும் பக்கத்து முன்வரிசையில் ஐவர் நெருங்கி நிற்பர். நடுவே நின்று பந்தைப் பின்னே கொடுப்பவர் சென்ரர். அவருக்கு இருமருங்கும் காட் எனப்படுவோர் இருவர். அவர்க்கப்பால் ரக்கிள் எனப்படுவோர் இருவர். ஐவர் நின்றால் அவரிடையே நான்கு இடைவெளிகள் உண்டாகும். இரு புறத்தும் உள்ள வெளிகளைச் சேர்க்க ஆறாகும். ஒரு பக்கத்தில் அறாம் வீரரொருவரையும் இணைத்து நிறுத்துவது பெருவழக்காதலின், வாயில்கள் ஏழாகும். பந்தேந்தி ஓடுபவர் இவ்வேழினுள் ஏதேனும் ஒன்றினூடாகவே வரல் வேண்டும். கோட்டையின் வாயில் ஒன்றேனும் காவலின்றிக் கிடந்தாற் பகைவர் அதனைக் கண்டுகொள்வர் என்பதிற் சந்தேகமில்லை.

இனி உடற்பருமனை நோக்குக. இக்காலத் தொழில்முறை ஆட்டத்திலே, தாக்கும் பக்கத்து முன்வரிசைத் தடுப்பாளர் ஒவ்வொருவரும் 300 இறாத்தலுக்கு மேற்பட்ட நிறையினர். இடைக்காவலரோ 230 அல்லது 240 இறாத்தல் நிறையினர். தடுப்பாளர் ஒருவர் தடையின்றி ஓடிவந்து இடைக்காவலரை மோதுவாராயின், எத்துணை வீரமிருந்தும் பயனில்லை. அறுபது இறாத்தல் வேற்றுமையை வீரம் ஒன்றே ஈடுசெய்யமாட்டாது. ஆகவே இடைக்காவலரின் வெற்றி, அத்தடுப்பாளர் அவரை அணுகவொட்டாமல் முன்னிற்பார் தடுத்து வைத்திருப்பதையே பொறுத்தது.

இடைக்காவலர் முதலிற் பார்ப்பது பந்தையன்று என்பதும் ஈண்டு அறியத்தக்கது. எதிரே நிற்கும் காட்டின் முதலடியையே அவர் நோக்குவார். அவர் முன்னோக்கி அடி வைத்தால் வருவது ஓட்டம். பின்வாங்கினால் வருவது எறிவு. பக்கமாகத் திரும்பி ஓடினால் ஓட்டம் அப்பக்கமாக வரும். இக்குறிப்பை உணரப் பயிற்றலே இடைக்காவலர் கல்வியின் முதற்பாடம். மாற்றாரும் இதனை அறிவராதலின் பொய்யடி வைத்து ஏமாற்றுதலும் உண்டு.

தோற்றமும் வளர்ச்சியும்

20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், மிச்சிகன் பல்கலைக்கழக அணியில் ஆடிய ஜேர்மனி சுல்ஸ் என்பவரே முன்வரிசையினின்றும் பின்வாங்கி நின்ற முதல்வர் எனக் கூறுவர். 1906ஆம் ஆண்டிலே பந்தை முன்னோக்கி எறிதற்கு விதி இடங்கொடுத்தது. எறிவு பெருகப் பெருக, முன்வரிசையிலே பலரை நெருக்கி நிறுத்துவது பொருந்தாததாயிற்று. எனினும் 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கம் வரை, முன்வரிசையில் ஐவரை நிறுத்தும் வழக்கம் தொழில்முறை ஆட்டத்திற் பரவலாக இருந்தது. அவ்வைவருள் நடுவே நின்றவர் சென்ரரை மோதுவதையே தொழிலாகக் கொண்டவர். சிக்காகோ அணியின் பில் ஜோர்ஜ் என்பவர் 1954ஆம் ஆண்டில் அவ்விடத்தே நின்றபொழுது, பந்து தம் தலைக்கு மேலாகவே எறியப்படுவதைக் கண்டு, மோதுவதை விடுத்துப் பின்னே நின்று பந்தைப் பிடிக்கத் தலைப்பட்டார் என்பது வழங்கிவரும் வரலாறு. நடு இடைக்காவலர் என்னும் நிலை இவ்வாறு உருப்பெற்றது.

இதனை ஒழுங்கான சாத்திரமாக்கியவர் ரொம் லான்ட்றி. இவர் கைத்தொழிற் பொறியியல் பயின்றவர். நியூ யோர்க் ஜயன்ற்ஸ் அணியின் காவற் பகுதியை இவர் பயிற்றிய காலத்தில், முன்வரிசையில் நால்வரும் பின்னே இடைக்காவலர் மூவருமாக அமையும் 4–3 அமைப்பு நிலைபெற்றது. வாயில்கள் ஏழு, காவலரும் எழுவர், ஒருவருக்கு ஒரு வாயில். இதன் எளிமையே இதன் வன்மை.

அவ்வமைப்பின் நடுவே நின்றவர் சாம் ஹஃப். அவர் பல்கலைக்கழகத்தில் முன்வரிசையில் ஆடியவர். 1956இல் ஜயன்ற்ஸ் அணியிற் சேர்ந்தபொழுது, தொழில்முறை முன்வரிசைக்கு அவர் உடற்பருமன் போதாதெனக் கண்டனர். லான்ட்றி அவரை நடு இடைக்காவலராக்கினார். அவ்வாண்டே அணி 47–7 என்னும் கணக்கிற் சிக்காகோவை வென்று வாகை சூடியது. 1958ஆம் ஆண்டில் கிளீவ்லண்ட் அணியின் ஜிம் பிறவுண் 12 ஆட்டங்களில் 1,527 யார் ஓடியிருந்தார். அவ்வாண்டு டிசம்பர் 21ஆந் திகதி நடந்த தீர்வாட்டத்தில் அவரை ஜயன்ற்ஸ் அணியார் ஏழு ஓட்டங்களில் எட்டு யாருக்குள் அடக்கினர். 1959 நவம்பரில் ரைம் சஞ்சிகை ஹஃப் அவர்களின் உருவத்தை அட்டையிற் பொறித்தது.

இப்புகழ் அவருக்குத் தகாததென்று நாம் கூறவில்லை. ஆயினும் அவருக்கு முன்னே நின்ற இருவரை மறத்தலாகாது. டிக் மொட்செலெவ்ஸ்கி, றோசி கிறியர் என்னும் இருவரும் எதிரியின் சென்ரரையும் காட்டையும் பிடித்து வைத்தமையாலேயே, ஹஃப் பந்து செல்லுமிடமெல்லாம் தடையின்றிச் சென்றார். சஞ்சிகையின் அட்டையில் இடம்பெற்றவர் ஒருவர். அவ்விடத்தை ஆக்கித் தந்தவர் பலர்.

இருவகை அமைப்பு

4–3 அமைப்பில் முன்வரிசையார் ஒவ்வொருவரும் தத்தமக்குரிய ஒரு வாயிலிற் பாய்வர். 3–4 அமைப்போ வேறு. அதில் முன்வரிசையார் மூவரே, இடைக்காவலர் நால்வர். மூவர் எழுவர் வேலையைச் செய்தல் எங்ஙனம் என்றால், அம்மூவரும் வாயிலிற் பாயாமல், தம்மெதிரே நிற்கும் தடுப்பாளனின் மார்பிற் கை வைத்து அவனை நிறுத்தி, அவனுக்கு இருபுறத்துமுள்ள இரு வாயில்களையும் காக்கின்றனர். மூவர் ஆறு வாயில்களைக் காத்தால், பின்னிற்கும் நால்வர்க்கும் கட்டற்ற நிலை கிடைக்கும். அந்நால்வருள் எவர் பாய்ந்து வருவார், எவர் பின்வாங்குவார் என்பதை மாற்றார் அறியார். இதுவே 3–4 அமைப்பின் சூழ்ச்சி.

இவ்வமைப்பின் அச்சாணி நடுவே சென்ரரின் மூக்குக்கு நேரே நிற்பவர். 1970ஆம் ஆண்டுகளில் ஹியூஸ்ரன் அணியில் அவ்விடத்தை வகித்தவர் கேர்லி கல்ப். பல்கலைக்கழக மாணவராயிருந்தபொழுது மல்யுத்தத்தில் வாகை சூடியவர். சென்ரரும் காட்டும் கூடி வந்தாலன்றி அவரை அசைத்தல் அரிது. இருவர் அவரோடு மல்லுக்கு நிற்க, இடைக்காவலராகிய றொபேட் பிறசீல் தடையின்றிப் பாய்ந்தார். 1981இல் ஓய்வுபெற்ற கல்ப், புகழ்மண்டபத்தில் இடம்பெற்றது 2013ஆம் ஆண்டிலேயாம். முப்பதாண்டுக்கு மேற்பட்ட தாமதம்!

வெளிப்புறத்து இடைக்காவலருள் ஒப்புயர்வற்றவரெனப் பலரும் போற்றும் லோறன்ஸ் ரெயிலர், 1981இல் ஜயன்ற்ஸ் அணியிற் சேர்ந்தார். பந்தை எறிய நிற்கும் குவாட்டர்பக் என்பவரை, எறியுமுன் வீழ்த்துதலைச் சாக் என்பர். 1986இல் ரெயிலர் கணக்கிற் சேர்ந்த சாக் 20.5. அவ்வாண்டில் லீக்கின் மிகச்சிறந்த வீரர் என்னும் விருது அவருக்குக் கிடைத்தது. அதற்கு முன் காக்கும் பக்கத்து வீரருள் அதனைப் பெற்றவர் 1971இல் அலன் பேஜ் ஒருவரே. ரெயிலரின் வேகமும் சினமும் இயற்கைக் கொடை. ஆயினும் 4–3 அமைப்பிலே சேர்ந்திருப்பின் அவரைப் பெரும்பாலும் பின்சென்று காக்கும் பணியில் நிறுத்தியிருப்பர். அதே ஆள், வேறு அமைப்பு, வேறு தொழில்.

இரு சான்றுகள்

நாம் கூறியதற்குச் சான்று வேண்டுவோர்க்கு இரண்டு வரலாறுகள் போதும்.

முதலாவது பிற்ஸ்பேர்க் அணியினது. 1974ஆம் ஆண்டில் அவ்வணியின் முன்வரிசை வீரர் ஜோ கிறீன் நேரே நில்லாது, சென்ரருக்கும் காட்டுக்கும் இடைப்பட்ட வெளியை நோக்கிச் சரிந்து நிற்கத் தொடங்கினார். சென்ரரும் காட்டும் இருவருமே அவரைக் கவனிக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டே அணியிற் சேர்ந்த நடு இடைக்காவலர் ஜாக் லாம்பேட், ஏறக்குறைய 220 இறாத்தல் நிறையுடைய மெலிந்த இளைஞர். அத்தகையார் பிறிதோர் அமைப்பில் நசுங்கியிருப்பார். கிறீனின் பின்னே நின்றமையாற் பந்திருந்த இடமெல்லாம் பறந்து சென்றார். 1975 சனவரி 12ஆந் திகதி நியூ ஓர்லியன்சில் நடந்த சூப்பர் போல் இறுதியாட்டத்தில், மினசோற்றா அணியார் ஓடிப் பெற்றது மொத்தம் 17 யார். இதிற் குறிப்பிடத்தக்கது யாதெனின், லாம்பேட்டும் அவருடைய தோழர் அன்டி றஸலும் காயமுற்று விலக, பிற்பகுதியின் பெரும்பாகத்திலே அவ்விடங்களில் நின்றோர் மாற்று வீரர் இருவர். பின்னிற்பார் மாறினர், முன்னிற்பார் மாறவில்லை, சுவரும் சாயவில்லை.

இரண்டாவது போல்ற்றிமோர் அணியினது. 2000ஆம் ஆண்டுப் பருவத்தில் அவ்வணியார் 16 ஆட்டங்களில் மாற்றாருக்கு விட்டுக்கொடுத்த புள்ளிகள் 165. ஓட்டத்திற் கொடுத்தது 970 யார். பதினாறு ஆட்டப் பருவங்களில் இவை இரண்டும் சாதனைகள். நடு இடைக்காவலர் றே லூயிஸ் அவ்வாண்டின் சிறந்த காவல் வீரர் விருதையும், 2001 சனவரியில் 34–7 என வென்ற இறுதியாட்டத்தின் சிறந்த வீரர் விருதையும் பெற்றார். அவருக்கு முன்னே மலைகள் போல நின்றோர் சாம் அடம்ஸ், ரொனி சிறகூசா என்னும் இருவர். 2001ஆம் ஆண்டுப் பருவம் முடிய, சிறகூசா ஓய்வுபெற்றார். அடம்ஸ் வேறணி சென்றார். அணியும் 3–4 அமைப்புக்கு மாறியது. இப்பொழுது காட் வீரர்கள் லூயிசை நேரே வந்தடையலாயினர். முன்பு ஓடிச்சென்று வீழ்த்தியவர், இனித் தடுப்பாளரைக் கையால் உதறிவிட்டே ஓடவேண்டியவரானார். 2003இல் அவர் அதே விருதை மீண்டும் பெற்றமை அவர் பெருமைக்குச் சான்று. தொழில் கடினமாயிற்று என்பதற்கு அது மறுப்பன்று. 2006இல் அணியார் தம் முதற்றெரிவிலேயே ஹலோற்றி நாற்றா என்னும் பேருடல் கொண்ட முன்வரிசை வீரரைத் தேர்ந்தெடுத்தனர். ஒரு நல்ல இடைக்காவலரைப் பேணும் வழி அவருக்கு முன்னே வலியவன் ஒருவனை நிறுத்துவதே என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

முன்னிற்பார் தரும் சுதந்திரம்

ஓட்டத்தைத் தடுப்பதில் மாத்திரமன்றி, எறிவைத் தடுப்பதிலும் இவ்வுறவு உண்டு. ரம்பா நகரத்து அணி 1996 முதல் ரொனி டன்ஜி, மொன்ரி கிவின் என்பாரின் பயிற்சியில் ஓர் அமைப்பைக் கையாண்டது. அதில் நடு இடைக்காவலர் எறிவு என்று கண்டதும் புறங்காட்டி நெடுந்தூரம் பின்னோடிப் பின்காவலரிடையே நின்று நடுக்களத்தைக் காப்பார். முன்வரிசையார் நால்வர் பிறர் துணையின்றித் தாமே குவாட்டர்பக்கை நெருக்கினாலன்றி இது கைகூடாது. வொறன் சாப் என்பவர் தலைமையிலான நால்வர் அதனைச் செய்தனர். ஆதலின் இடைக்காவலர் டெறிக் புறூக்ஸ் பாயும் பொறுப்பின்றிப் பந்தின் மேற் கண் வைத்து நிற்க முடிந்தது. 2003 சனவரியில் நடந்த இறுதியாட்டத்தில் இவ்வணி மாற்றாரின் எறிவுகளுள் ஐந்தைப் பறித்தது; அவற்றுள் ஒன்றைப் பறித்து 44 யார் ஓடி இலக்கடைந்தவர் புறூக்ஸ்.

இக்காலத்திலே எறிவு மிகுந்துவிட்டமையின், இடைக்காவலருள் ஒருவரை விலக்கிப் பின்காவலர் ஒருவரைச் சேர்த்து ஆடுதலே பெரும்பான்மை. இருவர் மூவர்தம் வெளியைக் காக்க வேண்டியிருத்தலின், முன்வரிசையார் பொறுப்பு முன்னையினும் மிகுந்ததேயன்றிக் குறைந்ததன்று.

கணக்கில் வாராத் தொண்டு

இவ்வாட்டத்தார் கணக்கெழுதுவதில் மிக வல்லவர். ஓடிய யார், எறிந்த யார், பிடித்த பந்து ஆகிய யாவும் ஏட்டில் உள. சாக் என்பது 1982 முதல் ஆள்வாரியாகக் கணக்கிடப்பட்டு வருகிறது. ஆயின் இரு தடுப்பாளரைத் தன்மேற் சுமந்து, கீழே கிடந்து, பின்னிற்பவனுக்கு வழி திறந்து கொடுத்தவனுக்கென ஆட்டக் கணக்கிலே ஒரு பத்தி இல்லை. அவன் நற்பணி செய்த நாளில் அவன் பெயர் எதிரே சுழியமே நிற்கும். அவன் பணி தவறிய நாளிலும் குற்றம் பின்னின்றவன் மேலேயே விழும். ஏட்டை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வோர் இருவர்க்குமே அநீதி செய்கின்றனர்.

அணி பயிற்றும் ஆசிரியர்க்கு இதிற் பாடமொன்று உண்டு. வென்ற அணியின் அமைப்பைப் புத்தகத்திற் கண்டு தம் மாணவர் மேற் போர்த்துதல் பேதைமை. முதலில், தம்மிடம் உள்ள பிள்ளைகளுள் முன்னிற்கத் தக்கவர் எவர் என்று காணல் வேண்டும். இருவரைத் தாங்கும் திண்மையுடையான் ஒருவன் இருப்பின் ஓரமைப்பு. விரைந்து பாயும் நால்வர் இருப்பின் பிறிதோரமைப்பு. அதன் பின்னரே இடைக்காவலன் எத்தகையனாதல் வேண்டும் என்பது துணியப்படும். ஓரிடத்திற் சோர்ந்த மாணவனைத் திறமையிலி எனத் தள்ளுமுன், அவன் முன்னே எவரை நிறுத்தினோம் என்று தம்மைத் தாமே வினவுதல் ஆசிரியர் கடன்.

விழா மலர்களிலும் இதனை நாம் காண்கிறோம். வாகை சூடிய அணிகளின் தலைவர் பெயர்களும் அடித்த இலக்குகளின் எண்ணிக்கையும் பக்கந்தோறும் பொறிக்கப்படுகின்றன. அவை பொறிக்கப்பட வேண்டியனவே. ஆயின் பழைய நிழற்படங்களைக் காணும்போது, நடுவிற் கேடயத்தோடு இருப்பவரை நோக்கிய பின், ஓரத்தில் நிற்பவரையும் சிறிது நின்று நோக்குவோமாக. அவருள் எவர் எவரைத் தாங்கி நின்றார் என்பதை, அவரோடு ஆடியவர் அறிவர். அறிந்தோர் உயிரோடிருக்கும்போதே அதனைச் சொல்லிவைத்தல் நன்று.